தோல் உரிச்ச பத்து நாள்

எனக்கு நாப்பத்திமூணு நடக்கும்போது முகத்துல மங்கு விழுந்துச்சு. ரெண்டு கன்னம், மூக்குத்தண்டு, நெத்தி ஓரம் எல்லாம் தீஞ்ச தோசை நிறத்துல திட்டுத்திட்டா. போதாக்குறைக்குக் கண்ணோரத்துல சுருக்கம் வேற. பம்பாய்த் தாராவியில எங்க சந்துல பாதிப் பொம்பளைங்களுக்கு அதே மூஞ்சிதான், ஒருத்தியும் அதை ஒரு பேச்சா எடுத்ததில்ல. நானும் எடுத்திருக்கமாட்டேன், வேற ஏதாவது வேலை பார்த்திருந்தா. ஆனா நான் பார்த்த வேலையே அடுத்தவ மூஞ்சியப் பளபளப்பாக்குறதுதான். செம்பூர்ல ஒரு சிந்திக்காரம்மா பார்லர் வச்சிருந்தா. அங்க நான் நாலு வருசமா நாற்காலிக்காரி. அதாவது கூட்டிப் பெருக்குறவ இல்ல, துண்டு அலசுறவ இல்ல. வாரவங்களை நாற்காலியில சாய்ச்சு, முகத்துக்குக் கிரீம் தேய்ச்சு, புருவத்துக்கு நூல் போடுறவ. அறுபதுகள்ல எங்க சந்துல இருந்து அப்படி ஒரு வேலைக்குப் போனது நான் ஒருத்திதான்னு நினைக்கேன்.

அந்த வேலையால நான் தொலைச்சது என் வீட்டுக்காரரோட பேச்சு.

வேலை கிடைச்ச அன்னைக்கு அவரு வாசல்ல நின்னு சொன்னாரு: "கண்ட பொம்பளை மூஞ்சியத் தடவுத வேலைக்கு நீ போனா, உங்கூட நான் பேசமாட்டேன். சொல்லிட்டேன்." நான் போனேன். அவரு பேசல. அவ்வளவுதான் சங்கதி. ஒரு வாரம் இருக்கும், மிஞ்சிப்போனா ஒரு மாசம்னு நினைச்சேன். மனுசன் நாலு வருசம் இழுத்துட்டாரு. தோல் கிடங்குல வேலை அவருக்கு. குடி கிடையாது, அடி கிடையாது, சம்பளக் கவரைக் கொண்டாந்து சாமி படத்துக்கு முன்னால வச்சிருவாரு. அக்கம்பக்கத்துல கேட்டா தங்கமான மனுசன்னு சொல்லுவாங்க. தங்கம்தான், யாரு இல்லன்னா? தங்கத்துக்கு வாய் கிடையாதே!

மக வீட்டுல இருந்த வரைக்கும் பரவால்ல. "உங்கம்மாகிட்ட குழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொல்லு", "உங்கப்பாவை வாயைக் கட்டித் திங்கச் சொல்லு"ன்னு அவ வழியா ஏதோ ஓடிச்சு. அவளைப் பாண்டுப்ல கட்டிக்குடுத்த அன்னைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து, என்ன பாசம்னு எல்லாரும் சொன்னாங்க. பாதி அழுகைதான் அவளுக்கு, மீதி எனக்கு. அதுக்கப்புறம் பத்துக்குப் பத்து கோலியில, கோலின்னா பம்பாய்ப் பேச்சுல ஒத்தை ரூம்பு வீடு, நாங்க ரெண்டே பேரு. அவருக்கு வெந்நி வேணும்னா குடத்தைப் பார்த்து, "வெந்நி இருந்தா நல்லாருக்கும்"பாரு. நான் அடுப்பைப் பார்த்து, "கொதிக்குதுல்லா, கண்ணு தெரியலையா"ம்பேன். குடத்துக்கும் அடுப்புக்கும் நடுவுல ரெண்டு வருசம் ஓடிச்சு. கேக்கதுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். இருந்து பார்த்தாத் தெரியும்.

வேலையை விட்டிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். விட்டா, ஏட்டி, இதுக்கா இத்தனை வருசம்னு என் மனசே என்னைக் காறித் துப்பாதா? அவருக்கு ஒரு வீம்புன்னா எனக்கு ஒன்பது.

இந்த நிலைமையிலதான் மங்கு வந்து விழுந்துச்சு. ஒருநாள் கடை அடைக்கும்போது முதலாளியம்மா என்னைக் கண்ணாடி முன்னால நிறுத்தினா. அவ இந்தியிலதான் பேசுவா, நான் நம்ம பேச்சுல சொல்லுதேன். "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நீ கிரீம் தேய்ச்சா, சாஞ்சு கிடக்கிறவ என்ன நினைப்பா? இவளுக்கே ஒண்ணும் ஆகலையே, நமக்கு என்ன ஆகப்போகுதுன்னு நினைக்கமாட்டாளா?" நியாயமான பேச்சு, அதான் எரிஞ்சுது. அவ தங்கச்சி ஒருத்தி சீமையில இருந்து வந்தப்போ ஒரு வித்தையைக் கத்துக்குடுத்துட்டுப் போயிருந்தா. கார்பாலிக் ஆசிட்டோட எண்ணெய், சோப்புத் தண்ணியெல்லாம் கலந்து முகத்துல பூசி, மேல்தோலை உரிச்சு எடுக்குறது. அடியில புதுத்தோல் வருமாம், சின்னப்பிள்ளைத் தோல் மாதிரி.

"அங்கெல்லாம் அம்பது வயசுக்காரிங்க செஞ்சுக்குறாங்க. இங்க எவளுக்கும் தெரியாது. முதல்ல உனக்குச் செய்யுதேன், உன்னைப் பார்த்து நாலு பேரு வருவாங்க. மாட்டேன்னா, பின்னால போயித் துண்டு அலசு"ன்னா.

ஓசியில செய்யுதாளேன்னு நான் ஒண்ணும் குளிர்ந்துபோகல. ஆட்டை எதுக்குத் தடவிக்குடுக்காங்கன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் சரின்னேன். நாற்காலியை விட்டுட்டுத் துண்டு அலசப் போறதுக்கா நான் வீட்டுல அடுப்போட பேசிக்கிட்டுக் கிடந்தேன்?

வீட்டுல அடுப்பைப் பார்த்து, "முதலாளி வீட்ல கல்யாணம், ரெண்டு நாள் அங்கனதான் வேலை"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். சயான்ல ரயில் ஏறி, குர்லாவுல மாறி, செம்பூர்ல இறங்குற வரைக்கும் கண்ணோரச் சுருக்கத்தை விரலால தடவிக்கிட்டே போனேன்.

பார்லருக்குப் பின்னால ஜன்னல் இல்லாத ஒரு சின்ன ரூம்பு. அங்க என்னைப் படுக்கவச்சு, குச்சியில சுத்தின பஞ்சால நெத்தியில முதல் இழுப்பு இழுத்தா பாருங்க, யம்மா! கொள்ளிக்கட்டையை வச்சுத் தேய்ச்ச மாதிரி இருந்துச்சு. பத்து எண்ணுறதுக்குள்ள மரத்துப்போச்சு. சரி, இவ்வளவுதானான்னு நினைச்சேன், கூறுகெட்டவ. நெத்தி முடிச்சு, கொஞ்சம் பொறுத்துக் கன்னம், அப்புறம் மூக்குன்னு மெல்ல மெல்லப் பூசினா. கண்ணாடியைக் காட்டினா, பூசின இடமெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு. அதுக்கு மேல பிளாஸ்திரியைத் துண்டு துண்டா நறுக்கி முகம் பூரா ஒட்டினா. கண்ணும் மூக்கோட்டையும் வாயும் மட்டும் பாக்கி.

"பேசாத, சிரிக்காத, மெல்லாத. வாயை அசைச்சா தோல் வெடிக்கும்"னா. பேசாம இருக்கதுக்கு எனக்கு யாராவது சொல்லித் தரணுமா?

போன எரிச்சல் சாயங்காலம் திரும்பி வந்துச்சு. கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கிச்சு. பிளாஸ்திரிக்குள்ள முகம் வேகுது. பிச்சு எறிஞ்சிரலாம்னு கை போகுது. பாதியில எடுத்தா குழி குழியா ஆயிரும்னு சொல்லியிருக்கா, கையைத் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துக்கிட்டேன். வெளிய எவளோ வந்து, அந்த மதராஸிப் பொம்பளை எங்கன்னு கேக்குறா. லீவுங்கிறா முதலாளியம்மா. ஒரு கதவு தள்ளி நான் கிடக்கேன். சத்தம் போட முடியாது, எந்திரிச்சு ஓட முடியாது, இந்த மூஞ்சியோட எங்க ஓட? நீயாத்தானேட்டி வந்த, நீயாத்தானே வந்தன்னு என்னையே ஏசிக்கிட்டு ரெண்டு நாளைக் கழிச்சேன். குழாய் வச்சுப் பாலைக் குடிச்சேன்.

மூணாம் நாள் பிளாஸ்திரியை உரிச்சா. கூடவே தோலும் வந்துச்சு. அந்த மாதிரிச் சத்தம் அதுவரைக்கும் என் தொண்டையில இருந்து வந்ததில்ல. பச்சைப் புண்ணுல இருந்து நீர் வடியுது. அது மேல பழுப்புப் பொடி ஒண்ணைத் தூவிவிட்டா. அது காஞ்சு பொருக்குக் கட்டும், பத்து நாள்ல தானா உதிரும். அதுவரைக்கும் தண்ணி படக்கூடாது, வெயில் படக்கூடாது, வாயை ரொம்ப அசைக்கக்கூடாது. "முக்கியமா மஞ்சள். உங்க ஆளுங்க எதுக்கெடுத்தாலும் மஞ்சளை அப்புவீங்க. இதுல அப்பினா முகம் கெட்டுச்சு, அப்புறம் நாற்காலியும் கிடையாது"ன்னு விரலை ஆட்டிச் சொன்னா.

முக்காடு போட்டு என்னை டாக்சியில ஏத்திவிட்டா. வீட்டுக்காரரை எப்படிச் சமாளிக்கன்னு வழி நெடுக யோசனை. சமாளிக்க வேண்டியே வரல. வாசல்ல முக்காட்டை விலக்கின உடனே அவரு ஒரு எட்டு பின்னால போனாரு. வீங்கி, கண்ணு இடுங்கி, பொருக்குத் தட்டி, நீர் வடியுற முகம். பெரியம்மை இருந்த காலம் அது. எங்க சனங்களுக்கு அப்படி ஒரு முகத்தைப் பார்த்தா ஒரே அர்த்தம்தான். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டாரு.

"ஆத்தா! தாயே! எங்க வீட்டுக்கா வந்திருக்கிய?"

நாலு வருசம் கழிச்சு என் முகத்தைப் பார்த்து அவரு பேசின முதல் பேச்சு அது. அம்மை போட்டா மாரியாத்தாளே அந்த உடம்புல இறங்கியிருக்கான்னுதான் எங்களுக்கு நம்பிக்கை. அப்போ எது சொன்னாலும் கேக்கது அவதான், அந்தப் பொம்பளை இல்ல. நோயின்னு சொல்லமாட்டாங்க, நோயாளியைப் பேரு சொல்லிக் கூப்பிடமாட்டாங்க, தாயின்னுதான் கூப்பிடணும். வீட்டுல தாளிக்கக்கூடாது, சண்டை போடக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது.

இல்லன்னு சொல்ல வாயைத் திறந்தேன். உதட்டோரம் வெடிச்சு ரத்தம் வந்துச்சு. மூடிக்கிட்டேன். ரத்தம் வந்ததாலதான் மூடினேன்னு ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய். அந்தக் குரலை இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுவோம்னு நினைச்சேன், அதுதான் நிசம்.

ரெண்டு வார்த்தை பத்து நாளாயிருச்சு.

மாஹிம் பக்கம் ஏதோ பங்களா வாசல்ல நின்ன மரத்துல ஏறி வேப்பிலை ஒடிச்சுட்டு வந்தாரு. ஊர்ல வாசலுக்கு வெளிய கட்டுவாங்க. இங்க வெளிய கட்டினா முன்சிபால்டிக்காரங்க கண்ணுல பட்டிரும். அம்மைன்னு தெரிஞ்சா வண்டியில ஏத்தி அதுக்குன்னு இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவாங்கன்னு சந்து பூரா பயம். அதனால வேப்பிலையைக் கதவுக்கு உள்பக்கமாக் கட்டினாரு. காலையில வேலைக்குப் போகும்போது இளநியைச் சீவி வச்சு, கூழைக் கரைச்சு வச்சு, மூலையில ஒரு வாளியை வச்சு, "தாயே, கோவிச்சுக்கிடாதிய, உங்களை எவனும் தொடக்கூடாதுன்னுதான்"னு சொல்லிட்டு, வெளியில பூட்டிட்டுப் போயிருவாரு.

தகரக் கூரை. பதினோரு மணிக்கெல்லாம் உள்ள அடுப்பு மாதிரி ஆயிரும். வேர்வை பொருக்குக்குள்ள இறங்கிச் சுரீர் சுரீர்னு பிடுங்கும். சொறியக்கூடாது, துடைக்கக்கூடாது. ஒருநாள் நிசமாவே முன்சிபால்டிக்காரங்க வந்துட்டாங்க, வீடு வீடாக் கதவைத் தட்டிக்கிட்டு. எங்க கதவுக்கு முன்னால நின்னு, "கோயி ஹை க்யா?"ன்னான் ஒருத்தன், யாராவது இருக்கீங்களான்னு. ஒரு குரல் குடுத்தாப் போதும், பூட்டை உடைச்சுருவான், டாக்டர் வந்து பார்ப்பான், இது அம்மை இல்லம்மா, ஆசிட்டும்பான். தப்பிச்சேன்னு வெளிய போயிரலாம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பூட்டைப் பார்த்துட்டுப் போயிட்டான். பூட்டினது அவரு, உள்ள இருந்து காவல் காத்தது நானு. இந்தக் கூத்தை எங்க போயிச் சொல்ல?

ஏன்னா சாயங்காலம் அவரு வருவாரு. கை கால் கழுவி, நாலடி தள்ளி உக்காந்து, பேசுவாரு. என்னா பேச்சு! நாலு வருசமா அணை கட்டி வச்ச மனுசன். கிடங்குல மேஸ்திரி எப்படித் திருடுதான், மக போன வாரம் ஸ்டேசன்ல பார்த்தப்போ எப்படி இளைச்சிருந்தா, தனக்கு ராத்திரி கால் எப்படிக் குடையுது, எல்லாம். எங்கிட்ட இல்ல, ஆத்தாகிட்ட. என்னைப் பத்திச் சொல்லும்போது "இவ"ன்னுதான் சொல்லுவாரு, நான் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

"மூணு தடவ செம்பூருக்குப் போனேன் தாயே. அந்தக் கடைக்கு எதிர்த்தாப்ல நின்னேன். இவ வெள்ளை கோட்டுப் போட்டுக்கிட்டு நின்னா. யாரோ பெரிய வீட்டுப் பொம்பளை இவ கையில கண்ணை மூடிக்கிட்டுச் சாஞ்சு கிடந்தா. எனக்குப் பெருமையா இருந்துச்சு தாயே. வீட்டுக்கு வந்து சொல்லணும்னுதான் வந்தேன். எங்கன ஆரம்பிக்க? இத்தனை வருசம் கழிச்சுச் 'சாப்பிட்டியா'ன்னா ஆரம்பிக்க?"

ஆமாய்யா, அப்படித்தான் ஆரம்பிக்கணும், அதைச் சொல்ல என்ன கேடுன்னு எனக்குள்ள கத்திக்கிட்டு இருந்தேன். வெளிய கண்ணை மூடிக்கிட்டு ஆத்தாளா உக்காந்திருந்தேன். அந்த மனுசனைப் பிடிச்சு உலுக்கணும் போல ஆத்திரம், அதே கையால அந்தத் தலையைத் தடவணும் போலவும் இருந்துச்சு. ரெண்டும் முடியாது. ஆத்தா தடவினா பயந்து கீழ விழுந்துருவாரு.

அஞ்சாம் நாள்தான் வினை வந்துச்சு. வேலைவிட்டு வந்து, குளிச்சு, அம்மியில வேப்பிலையும் பச்சை மஞ்சளும் வச்சு அரைச்சாரு. அரைக்கிற சத்தத்தைக் கேட்டதும் முதலாளியம்மா ஆட்டின விரல்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. கிண்ணத்துல வழிச்சுக்கிட்டு வந்து, "தாயே, பூசட்டா? குளுமையா இருக்கும்"னாரு. நான் வேண்டாம்னு தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். மஞ்சளை ஆத்தா வேண்டாம்னு சொன்னா அந்த வீட்டு மேல ஏதோ பெரிய குத்தம் இருக்குன்னு அர்த்தம். மனுசன் அப்படியே முட்டி போட்டு உக்காந்துட்டாரு.

"என்ன குத்தம் தாயே? இவகூட பேசாம இருந்தேனே, அந்தக் குத்தமா? நான் ஆரம்பத்துலதான் வீம்புக்கு இருந்தேன். அப்புறம் எனக்கு வெக்கமாப் போச்சு. இவ மட்டும் நல்லபடியா எந்திரிச்சா பேசிருதேன் தாயே, பேசிருதேன். இவளை எடுத்துக்கிட்டுப் போயிராதிய."

அவரு அழுது நான் பார்த்ததில்ல. மக போகும்போதுகூட அழல. இங்க உக்காந்து மூக்கு ஒழுக ஒழுக அழுதாரு. மஞ்சளைப் பூசினா முகம் போகும், முகம் போனா நாற்காலி போகும். நிசத்தைச் சொன்னா? ஆத்தா இல்ல, நான்தான்யா, ஆசிட்டு பூசிக்கிட்டேன்னு சொன்னா, அஞ்சு நாளா அவரு நெஞ்சைத் திறந்து கொட்டினதையெல்லாம் ஒளிஞ்சிருந்து கேட்டவ ஆயிருவேன். அப்புறம் இந்தச் சென்மத்துல எங்கூட ஒரு சொல்லு பேசமாட்டாரு. முகம் போனாப் போயிட்டுப் போகுது, இந்தக் குரல் போயிரக்கூடாதுன்னுதான் அந்த நேரத்துல தோணுச்சு. எந்திரிச்சா பேசிருதேன்னு வேற சொல்லிட்டாரே.

சரின்னு தலையை ஆட்டினேன்.

ரெண்டு விரலால, பட்டும் படாமத்தான் பூசினாரு. கார்பாலிக்கே தேவலைன்னு ஆயிருச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வந்தா அது வேற எரியுமேன்னு அழாம, சாமி மாதிரி உக்காந்திருந்தேன். "சிரிக்கிய தாயே"ன்னாரு. அன்னையில இருந்து தினம் ஒருதடவ பூசினாரு. பொருக்கு அவசரமா ஊறி உதிர்ந்துச்சு, உதிர்ந்த இடத்துல மஞ்சள் இறங்குச்சு. நான் கண்ணாடியே பார்க்கல.

பத்தாம் நாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணியைத் தலைக்கு ஊத்தி ஆத்தாளை வழியனுப்பி வச்சாரு. "போயிட்டு வாங்க தாயே"ன்னு வாசல் வரைக்கும் கும்பிட்டுக்கிட்டே போனாரு. நான் புதுச்சேலை கட்டிச் சோறு பொங்கினேன். தாளிச்சேன். பத்து நாள் கழிச்சுக் கடுகு வெடிக்கிற சத்தம். எனக்குள்ளயும் ஏதோ வெடிச்சு வெடிச்சுக் குதிக்குது, இப்பப் பேசுவாரு, இப்பப் பேசுவாருன்னு. நானே முந்திக்கிட்டேன். அடுப்பைப் பார்க்காம, அவரை நேராப் பார்த்து, "சாப்பிட வாங்க"ன்னேன்.

என்னைப் பார்த்தாரு. வாயைத் திறந்தாரு. உதடு அசைஞ்சுது, நான் பார்த்தேன், சத்தியமாப் பார்த்தேன். அப்புறம் குடத்துப் பக்கம் திரும்பி, "சோறு எடுத்து வச்சா திங்கலாம்"னாரு.

வந்துச்சே எனக்கு! கரண்டியைத் தூக்கி எறிஞ்சேன், அது சுவத்துல பட்டு விழுந்துச்சு. "ஆத்தாளுக்குன்னா நூறு பேச்சு, தாலி கட்டினவளுக்கு ஒரு பேச்சுக்கு வழியில்லையா? நீங்க மனுசனா, மரமா?"ன்னு கத்தினேன். ஆத்தாகிட்டப் பேசினது உனக்கு எப்படித் தெரியும்னு அவரு கேட்டிருந்தா எல்லாம் வெளிய வந்திருக்கும். கேக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தட்டுல ஒண்ணும் இல்லாமலே கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. மரம் இல்ல, வழி தெரியாமத் திகைச்சுப்போயி நிக்கிற மனுசன்னு எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக்கூடாது. சோத்தைப் போட்டேன்.

பார்லர்ல முதலாளியம்மா என்னைப் பார்த்ததும் தலையில கை வச்சுக்கிட்டா. "ஹே பகவான், என்னத்தைப் பூசின?" கன்னத்துல வெளிறின தோலு, அதுக்கு நடுவுல முன்னைக்கு ரெண்டு பங்கு கருப்பா திட்டு, நெத்தி முழுக்கப் பழுப்பு. சுருக்கம் போயிருந்துச்சு, அதை மறைக்காமச் சொல்லணும். அந்த முகத்துல சுருக்கம் இருந்தா என்ன, போனா என்ன? வெயில் பட்டுருச்சுன்னு சொன்னேன். அன்னைக்கே என்னைப் பின்னால அனுப்பிட்டா. அதே ஜன்னல் இல்லாத ரூம்பு, கொதிக்கிற தண்ணியில துண்டு அலசுற வேலை. காலையில அந்த ரூம்பு, சாயங்காலம் இந்த கோலி. அங்க துண்டு, இங்க குடம். சந்துல பார்க்கிறவங்க, ஆத்தா விட்டுட்டுப் போன தடம்னு என் முகத்தைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்குவாங்க. கன்னத்துல போடுறவகிட்ட என்னத்தைச் சொல்ல?

எட்டு மாசம் போச்சு. முதலாளியம்மா ஒருநாள் பின்னால வந்து, என் தாடையைப் பிடிச்சு வெளிச்சத்துப் பக்கம் திருப்பினா. "இன்னொரு தடவ போட்டா ஒரே நிறமாயிரும். இந்தத் தடவ சொன்னபடி இருந்தா நாற்காலி உனக்குத்தான்." சமமாகாதுன்னு எனக்குத் தெரியும். அவளைவிட அதிகம் முகத்தைத் தொட்டவ நானு, எது தேறும் எது தேறாதுன்னு விரல் சொல்லிரும். நாற்காலியும் எனக்கு அப்போ ஞாபகமே வரல.

"போடுங்க"ன்னேன். அவசரமாச் சொன்னேன்போல, அவளே ஒரு மாதிரிப் பார்த்தா.

மறுபடியும் பஞ்சுக்குச்சி, மறுபடியும் பிளாஸ்திரி. இந்தத் தடவ எல்லாம் எனக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்துச்சு, அதனால ரெண்டு பங்கு வலிச்சுது. மூணாம் நாள் பொழுது சாயுற நேரத்துல டாக்சியில வந்து இறங்கினேன். வீட்டுக்காரரு கிடங்குல இருந்து வந்து வாசப்படியில உக்காந்து காலைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. முக்காட்டை விலக்கினேன்.

கும்பிடுவாருன்னு காத்துக்கிட்டு நின்னேன். அவரு கும்பிடல. காலுல இருந்து கையை எடுக்கவே இல்ல. என் நெத்தியைப் பார்த்தாரு, கன்னத்தைப் பார்த்தாரு, காதோரத்துல பிளாஸ்திரி நேரா வெட்டிவிட்டிருந்த கோட்டைப் பார்த்தாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பெரியம்மை ஒருதடவ போட்ட உடம்புல மறுதடவ போடாதுன்னு எங்க ஊர்ல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இவருக்குத் தெரியாதா? இந்தத் தடவ இது ஆத்தா இல்ல, அப்போ அந்தத் தடவையும் இல்ல. பத்து நாள் பேச்சையும் கேட்டது யாருன்னு அவரு முகத்துல ஒவ்வொண்ணா விளங்கிக்கிட்டு வாரதை நான் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். முடிஞ்சுதுன்னு நினைச்சேன். இனி குடத்துகிட்டகூட பேசமாட்டாரு.

எந்திரிச்சாரு. உள்ள போயிப் பாயை விரிச்சாரு. என் முழங்கையைப் பிடிச்சு உக்காரவச்சாரு. நாலடி தள்ளி இல்ல, பக்கத்துலயே உக்காந்தாரு. விசிறியை எடுத்து முகத்துக்குப் படாம, கழுத்துக்கு விசிறினாரு. ரொம்ப நேரம் விசிறினாரு.

"ஏட்டி, வலிக்கா?"ன்னாரு.

தாயே இல்ல. வலிக்கா தாயேன்னு கேக்கல. இவளுக்கு வலிக்கான்னு யாருகிட்டயோ கேக்கல. அஞ்சு வருசத்துல முதல்முறையா என்னைப் பார்த்து, என்னைய, கேட்டாரு. வாயை அசைக்கக்கூடாதுன்னு உத்தரவு. அசைச்சா தோல் வெடிக்கும், பட்டவ நான். தலையை ஆட்டியிருந்தாப் போதும்.

"வலிக்கு"ன்னேன்.